ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசை: திறனாய்வு கேளாதொழிந்த பாடல்கள்

ஈழத்துத் தமிழிலக்கிய வரலாற்றிலே 1960களின் முற்பகுதி, பேச்சுமொழி தனது உரிமையை நிலைநாட்டிய காலப்பகுதியாகும். யாழ்ப்பாணத்துக் கமக்காரனும் மட்டக்களப்பு மீனவனும் மலையகத் தொழிலாளியும் சிறுகதையிலே தத்தம் வாய்மொழியிற் பேசத் தலைப்பட்டபோது, அதனை 'இழிசனர் வழக்கு' எனப் பழித்தோரும் மண்வாசனை எனப் போற்றியோரும் எதிரெதிர் அணிகளில் நின்று வாதிட்டனர். மரபுப் போராட்டம் எனப் பெயர்பெற்ற அவ்வாதத்தில் ஈற்றில் வென்றவர்கள் தேசிய இலக்கியக் கோட்பாட்டை முன்வைத்தவர்களே. அதே காலத்திற் பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தினை 'கர்ணன் போர்' (1962) முதலிய தயாரிப்புகள் வாயிலாகப் படித்தவர் அரங்குக்குக் கொண்டுவந்தார். கிராமத்து ஆட்டமும் கிராமத்துச் சொல்லும் பல்கலைக்கழகத்தின் கவனத்துக்கு உரியனவாயின.

அப்பத்தாண்டு முடிவதற்குள் அதே பேச்சுமொழி இன்னொரு வாயிலாலும் நுழைந்தது. கிற்றாரும் பொங்கோ மேளமும் துணையாக, பைலாத் தாளத்தில் யாழ்ப்பாணத்து மாமியும் மருமகனும் பாட்டிலே உரையாடினர். தமிழ்ப் பொப்பிசை எனப்பட்ட இப்பாடல்கள் நாடெங்கும் பாடப்பட்டன. ஆனால் சிறுகதையிலே ஒரு சொல்லின் வட்டார வழக்கை நுணுகி ஆராய்ந்த திறனாய்வு, இப்பாடல்களுக்கு உரிய இடத்தை அளித்ததெனச் சொல்வதற்கில்லை. எழுத்திலே முற்போக்காக விளங்கிய செவி, இசையிலே பழைமை பேணியது. இம்முரண்பாடு தற்செயலானதன்று.

பொப்பிசை மேனாட்டிலிருந்து அப்படியே இறக்குமதியான ஒன்று என்பது அதன்மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டுகளுள் முதன்மையானது. இதனை ஆராயுமிடத்து, சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டியுள்ளது. 1505இற் போர்த்துக்கேயர் இந்நாட்டுக்கு வந்தனர். ஆடுதல் எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்ததே 'பைலா' என்னும் பெயர். அவர்களது பாடல்களும், குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இங்கு கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் தாளங்களும் கலந்து உருவான கபிரிஞ்ஞா என்னும் ஆடலிசை மட்டக்களப்புப் பறங்கியரிடையே இன்றும் வழக்கிலுள்ளது. புத்தளப் பகுதியில் வாழும் ஆபிரிக்க வழித்தோன்றல்களிடம் அதற்கு உறவான 'மஞ்ச' இசை எஞ்சியுள்ளது. இவ்விசையைச் சிங்கள மொழியில் மேடைக்குரிய பாடலாக வளர்த்தவர் பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்தியன்ஸ் (1914–1985). அதன் ஆறெட்டுத் தாளக்கட்டு, கருநாடக இசையிற் பயின்றவர் செவிக்குத் திஸ்ர நடையாகவும், நாட்டார் பாடலில் ஊறியவர் செவிக்குக் கும்மியின் உறவாகவும் ஒலிக்கத் தக்கது. நாலரை நூற்றாண்டு இம்மண்ணில் உழன்ற ஒரு தாளத்தை அந்நியம் என்று தள்ளுவதாயின், மிளகாயையும் அவ்வாறே தள்ளவேண்டியிருக்கும்.

இதன்மேல் வந்து படிந்ததே கலிப்சோ. திரினிடாட் தீவின் அவ்விசை ஹரி பெலபொன்ரேயின் 1956ஆம் ஆண்டு இசைத்தட்டு மூலம் உலகெங்கும் பரவியது. இலங்கையிலும் கிற்றார் ஏந்திய சிறு குழுக்கள் தோன்றின. கிளரன்ஸ் விஜேவர்த்தன (1943–1996), அனஸ்லி மாலேவன ஆகியோரின் 'மூன்ஸ்ரோன்ஸ்' குழு 1960களின் பிற்பகுதியிற் சிங்களப் பாடலுக்கு மின்கிற்றாரின் குரலை அளித்தது. 1969இல் மொறட்டுவையைச் சேர்ந்த சுனில் பெரேரா குடும்பத்தினர் 'ஜிப்சீஸ்' குழுவை அமைத்தனர். ஜெரால்ட் விக்கிரமசூரியவின் 'சூரிய' நிறுவனம் இத்தகைய குழுக்களின் பாடல்களை இசைத்தட்டாக்கியது. இவர்கள் பெரும்பாலும் இசைக்கல்லூரியின் விளைபொருள்கள் அல்லர். அயல்வீட்டு முற்றத்திலும் கல்யாண வீட்டிலும் கடற்கரை உல்லாசப் பயணத்திலும் பாடிப் பழகியவர்கள். முதலாளி ஒருவர் முதலிட, இசையமைப்பாளர் ஒருவர் ஆள, பின்னணிப் பாடகர் ஒருவர் பாட, நடிகர் ஒருவர் வாயசைக்கும் சினிமாப் பாடலுக்கு முற்றிலும் மாறான உற்பத்தி முறை இது. பாட்டை ஆக்குபவனும் பாடுபவனும் ஒருவனே. கேட்பவன் அவனுக்குக் கைதட்டித் தாளம் போடும் தூரத்தில் இருந்தான்.

இத்தூரமே இங்கு கவனிக்கவேண்டியது. இசைத்தட்டை வாங்கக்கூடிய குடும்பங்கள் அன்று சிலவே. இலங்கை வானொலியின் நேயர் விருப்பம் ஒரு வாயில். ஒலிபெருக்கி கட்டிய கல்யாண வீடும் களியாட்ட விழாவும் இன்னொரு வாயில். கோயில் திருவிழாவிலே நாதஸ்வரக் கச்சேரி முடிந்தபின் நடுச்சாமத்தில் மேடையேறும் 'கோஷ்டி', சினிமாப் பாடல்களுக்கிடையே ஒரு பொப் பாடலைப் பாடியதும் வெளிவீதியிற் கச்சான் கொறித்துக்கொண்டிருந்த இளைஞர் முன்னே நகர்ந்துவிடுவர். விடுதி மாணவர் சுற்றுலா செல்லும் பேருந்திலே, பாட்டின் சொல் பாதி தெரிந்தவனும் இருக்கையின் முதுகிலே தட்டிப் பாடுவான். ஒரு புதுப் பாடல் இவ்வாறு ஆளிடமிருந்து ஆளுக்குச் சென்றது. செல்லும் வழியிற் சொற்கள் மாறின, ஊர்ப்பெயர்கள் மாறின. நாட்டார் பாடலின் இயல்புகளென வகுப்பறையிற் கற்பிக்கப்படுபவை இவையே.

தமிழ்ப் பொப்பிசையின் முன்னோடியாகக் கருதப்படும் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' இவ்வகையில் நுணுகி நோக்கத் தக்கது. மாமியின் இளைய மகள் எங்கே என மருமகன் வினவுகிறான். அவள் படிக்கச் சென்றுவிட்டாள் என்று மாமி பெருமையோடு விடையிறுக்கிறாள். வெளியே விட்டால் ஊர்ப் பையன்கள் கண்ணடிப்பார்கள் என அவன் எச்சரிக்கிறான். தன் மகள் அப்படிப்பட்டவள் அல்லள் என்பது தாயின் மறுமொழி. சொல்லளவில் இவ்வளவே. மொழியும் முழுமையான பேச்சுமொழியன்று. செந்தமிழ் வினைமுற்றும் தெருவழக்கும் ஒரே அடியிற் கலந்து வருகின்றன. ஆயினும் யாழ்ப்பாணச் சமூகத்தின் இரு பெரும் நாட்டங்கள் இச்சிறு உரையாடலில் மோதுகின்றன. பெண்ணைப் படிப்பிக்கவேண்டும் என்பது ஒன்று. படிக்க அனுப்பிய பெண் கண்காணிப்புக்கு அப்பாற் போய்விடுவாளோ என்ற அச்சம் மற்றொன்று. முறைப்பையன் என்ற உரிமையில் அக்கண்காணிப்பைத் தானே ஏற்கும் இளைஞனின் அக்கறையில் எவ்வளவு அன்பு, எவ்வளவு ஆதிக்கம் என்பதைப் பாட்டுப் பிரித்துக் காட்டுவதில்லை. தாளத்தின் துள்ளலில் அது வேடிக்கையாகக் கரைந்துவிடுகிறது. பாட்டு முழுவதும் பேசப்படுகின்ற அப்பெண் ஒரு சொல்லேனும் பேசுவதில்லை என்பதையும் கூறியாகவேண்டும். அக்காலச் சிறுகதை ஒன்று இப்பொருளை எடுத்திருப்பின் அதன் சமூக உள்ளடக்கம் பற்றிக் கருத்தரங்கே நடந்திருக்கும். பாட்டு என்றதும் அது பொழுதுபோக்கு எனப்பட்டது.

அவரது 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' வேறு வகையிற் சுவையானது. அறிவுரைப் பாடல் என்ற வகையில் அது ஒளவையாரின் வழியிலேயே நிற்கிறது. ஆனால் அறிவுரை ஏறிவரும் தாளம் விருந்துக் கூடத்தின் தாளம். ஆகவே மதுவை விலக்கும் பாடலை மதுக்கிண்ணம் ஏந்தியோரே உரத்துப் பாடும் விந்தை நிகழ்ந்தது. இது பாடலின் தோல்வியெனக் கொள்ளவேண்டியதில்லை. கேட்போர் ஒரு பாடலைத் தமக்கேற்ப வளைத்துக்கொள்வர் என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டியதில்லை. எனினும் கள்ளுக்கடையைக் குடிப்பவனின் கேட்டிடமாக மட்டுமே காணும் பார்வை, பனையேறும் தொழிலாளியின் உழைப்பையும் அவனைச் சூழ்ந்த சாதிக் கொடுமையையும் காண்பதில்லை. இப்பாடல்களின் நகைச்சுவை நடுத்தர வர்க்கத்தின் முற்றத்தில் நின்றே சிரிக்கிறது.

ஏ. ஈ. மனோகரனின் கலை இதனினின்றும் வேறுபட்டது. அவரது பாடல்களிற் சொல்லைவிட மேடையே முதன்மை பெற்றது. குரலை ஏற்றியும் உடைத்தும், பார்வையாளரைப் பதில் பாடவைத்தும் அவர் நிகழ்த்திய முறை 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' என்ற பட்டத்தை அவருக்கு ஈட்டிக்கொடுத்தது. சிங்களமும் தமிழும் கலந்து அவர் பாடிய 'சுராங்கனி' கடல் கடந்தது. 1977இல் வெளியான 'அவர் எனக்கே சொந்தம்' என்னும் தமிழ்நாட்டுத் திரைப்படத்திலே இளையராஜாவின் இசையமைப்பில் அப்பாடல் இடம்பெற்றது. தமிழ்நாட்டுச் சினிமாவிடமிருந்து எப்போதும் பெற்றே பழகிய ஈழம், ஒருமுறை கொடுத்தது. அப்பாடலின் பொருளோ காதலிக்கு மீன் கொண்டுவருவது என்ற அளவினதே. ஆனால் நீர்கொழும்பு, சிலாபம் கரையோரங்களிலே மீனவர் பலர் இரு மொழியும் பேசுபவர்கள் என்பதை நினைவிற்கொண்டால், இம்மொழிக்கலப்பு வெறும் வேடிக்கையாகத் தோன்றாது. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பின்னர் இரு மொழிகளும் அலுவலகத்திலும் பாடசாலையிலும் தனித்தனியே பிரிந்து சென்றுகொண்டிருந்தன. அவ்வேளையிலே ஒரே பல்லவியில் அவை அருகருகே நின்றன.

இதனை இன ஒற்றுமையின் சான்றாகக் காட்டிப் பூரிப்பது மிகையான நம்பிக்கையாகும். ஒன்றாக ஆடிய கூட்டம் 1977இலும் 1983இலும் வன்செயலைத் தடுத்து நிறுத்தவில்லை. இலங்கையே நம் தாய்நாடு என்ற கருத்தை மகிழ்வோடு பாடியவரும் மனோகரனே. அப்பாடலை இன்று கேட்பவர் அதன் உற்சாகத்தை அன்று கேட்டவாறே கேட்க முடியாது. ஆயினும் ஒரு சாத்தியப்பாடு அன்று ஒலித்தது என்பதை மறுப்பதும் வரலாற்றுக்கு நேர்மையாகாது.

அவ்வாறாயின் திறனாய்வின் மௌனத்துக்குக் காரணம் யாது? கருநாடக இசையின் தூய்மையைப் பேணியோருக்கு இது இசையாகவே தோன்றவில்லை. இடதுசாரிச் சிந்தனையாளருக்குக் கிற்றார் மேனாட்டு நுகர்வுப் பண்பாட்டின் சின்னமாகப் பட்டது. வானொலியிலே எஸ். கே. பரராஜசிங்கம் போன்றோர் வளர்த்த ஈழத்து மெல்லிசை, கவிஞரின் சொல்லையும் இராகத்தின் நிழலையும் துணைக்கொண்டமையாற் படித்தோரிடம் மதிப்புப் பெற்றது. 'நமக்கென ஓர் இசை' என்ற தேவையை அதுவே நிறைவேற்றுவதாகக் கருதப்பட்டது. இவை அனைத்துக்கும் அடியில் இன்னுமொன்று உண்டு. கூத்து அழிந்துகொண்டிருந்தது, அதைக் காப்பாற்றுவது அறிஞரின் பணியாயிற்று. பொப்பிசையோ எவர் தயவுமின்றி வாழ்ந்தது. காப்பாற்றப்படவேண்டியதைப் பண்பாடென்றும், தானே ஓடித்திரிவதைக் கேளிக்கையென்றும் கொள்வது கல்விமான்களின் பழக்கம். ஓடித்திரிந்ததும் ஒருநாள் விழும் என்பதை எவரும் எண்ணவில்லை.

அது விழுந்த விதமும் அறியத்தக்கது. 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் வரத்தைக் குறைத்து ஈழத்து எழுத்துக்கு இடமளித்தமை பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. உள்ளூர் இசைக்கும் அக்காலச்சூழல் ஓரளவு துணைநின்றது எனக் கொள்ளலாம். 1976இல் 'அன்னக்கிளி' வந்தது. நாட்டார் மெட்டும் மேனாட்டு வாத்தியமும் ஒருங்கே ஒலிக்கும் இளையராஜாவின் இசை, பொப்பிசையின் புதுமையைத் தன்வயப்படுத்திக்கொண்டது. 1977இற் பொருளாதாரக் கதவு திறக்கப்பட்டபின் கசெற் இயந்திரம் வீடுதோறும் புகுந்தது. மேடைக்கு முன்னே கூடியவர் தத்தம் வீட்டிற் பிரிந்திருந்து கேட்கலாயினர். ஆனால் இவையெல்லாம் அதன் வளர்ச்சியைத் தடுத்த காரணங்களே. அதன் வேரை அறுத்தது 1983 ஆடி. கொழும்பிலே தமிழரும் சிங்களவரும் பறங்கியரும் கலந்து நின்ற சபை கலைந்தது. வடக்கிலும் கிழக்கிலும் இரவுக் கச்சேரிக்கு உரிய இரவே இல்லாமற்போயிற்று. மனோகரன் சென்னையை வாழிடமாக்கித் திரைப்படங்களில் நடித்தார். 2018இல் அங்கேயே காலமானார். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவிற் குடியேறினார்.

பொப்பிசைக்கும் தன் பங்கில் குறையுண்டு. தொடக்கப் பாடல்களில் இருந்த உரையாடற் கூர்மையைப் பின்வந்தோர் பலர் பேணவில்லை. மாமி, மச்சாள், குடி, சாப்பாடு என்ற சிறு வட்டத்திலே நகைச்சுவை தேய்ந்து, வட்டார மொழி கேலிக்குரிய மொழியாயிற்று. பேச்சுவழக்குக்குச் சிறுகதையிற் கிடைத்த கண்ணியம் பாட்டிற் கிடைக்காமைக்கு இதுவும் ஒரு காரணம். கலிப்சோவைப் பெற்ற திரினிடாட்டிலே பாடகன் ஆட்சியாளரைப் பெயர்சொல்லி எள்ளினான். ஈழத்துப் பாடகன் அத்தாளத்தை எடுத்துக்கொண்டான். அத்துணிவை எடுத்துக்கொண்டானெனக் கூறுதல் அரிது. தட்டிக் கேட்கும் திறனாய்வு ஒன்று அன்று அருகே இருந்திருப்பின் அவ்வாறு நேர்ந்திராது என்று உறுதியாகச் சொல்ல முடியாவிடினும், கண்டிப்பதற்கேனும் எவரும் செவிகொடாத கலை தன்னைத் திருத்திக்கொள்ள வாய்ப்பில்லை.

இன்று யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் இளைஞர் சிறு அறைகளிலே கணினியும் ஒலிவாங்கியும் கொண்டு தமது பாடல்களைத் தாமே ஆக்கி வெளியிடுகின்றனர். சொல்லிசை எனப்படும் அவற்றுட் சில, வட்டார மொழியை மறுபடியும் கூர்மையோடு கையாளுகின்றன. வேறு சில, சென்னையின் பேச்சையே பேசுகின்றன. இவ்வேறுபாட்டைச் செவியாற் பிரித்தறிந்து எழுதுவோர் இன்னும் மிகச் சிலரே. பழைய பாடல்களோ ரொறன்ரோவிலும் இலண்டனிலும் கல்யாண மண்டபங்களில் ஒலிக்கின்றன. பாடியவரின் பெயர் சிலருக்கு நினைவிருக்கிறது. பின்னே நின்று கிற்றார் மீட்டியவர், பொங்கோ தட்டியவர், திருவிழா மேடையில் அப்பாடல்களை ஊர் ஊராகக் கொண்டுசென்ற கோஷ்டியினர் ஆகியோருட் பலர் முதுமையெய்திவிட்டனர். அவர்களது இல்லங்களிலே புகைப்படங்களும் விளம்பரத் துண்டுகளும் கைப்பட எழுதிய பாட்டுப் புத்தகங்களும் எஞ்சியிருக்கக்கூடும். கூத்து அண்ணாவிமாரைத் தேடிக் கிராமங்களுக்குச் சென்ற ஒரு மரபு தமிழ்த்துறைகளுக்கு உண்டு. அவ்வழியே இவ்வில்லங்களுக்கும் செல்லலாம்.