எவரைக் கண்டு நகைத்தனர்?

வஞ்சப்புகழ்ச்சி அணிக்கு ஓர் இடர் உண்டு. கேட்போன் உட்பொருளை உணராவிடில் புகழ்ச்சி புகழ்ச்சியாகவே நின்றுவிடும். 1970-களின் அமெரிக்கத் தொலைக்காட்சியை ஆராயப் புகுங்கால் நமக்கு முதலில் நினைவில் எழுவது இதுவே.

அப்பத்தாண்டின் தொடக்கத்தில் நாட்டுப்புற நகைச்சுவைத் தொடர்கள் அங்குச் செல்வாக்குடன் இருந்தன. 'பெவர்லி ஹில்பில்லீஸ்', 'கிரீன் ஏக்கர்ஸ்' முதலியவற்றை சி.பி.எஸ். நிறுவனம் 1971-இல் நிறுத்திற்று. பார்ப்போர் இல்லாமையால் அன்று. விளம்பரதாரர் விரும்பிய நகர்ப்புற இளைஞர் அவருள் குறைவு என்பதால். தலைகளை எண்ணியது போய்ப் பணப்பைகளை எண்ணும் காலம் வந்தது.

அவ்வாண்டு ஜனவரி 12-இல் தொடங்கியது 'ஆல் இன் தி ஃபேமிலி'. ஆங்கிலேயத் தொடர் ஒன்றைத் தழுவி நார்மன் லியர் ஆக்கியது. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வாழும் ஆர்ச்சி பங்கர் என்னும் தொழிலாளி, கறுப்பரையும் யூதரையும் வாய்க்கு வந்தவாறு இழித்துரைப்பான். முற்போக்கு எண்ணமுடைய மருமகனோடு ஓயாது மல்லுக்கு நிற்பான். அவனது குறுகிய மனத்தை எள்ளுவதே லியரின் நோக்கம். ஐந்து பருவங்கள் தொடர்ந்து இத்தொடரே முதலிடம் பெற்றது.

ஆனால், நீல் விட்மார், மில்டன் ரோக்கீச் என்னும் இருவர் 1974-இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டிற்று. இனவெறுப்பு மிகுந்தோர் ஆர்ச்சியைத் தம்மவனாகவே கொண்டனர். வாதில் வெல்பவனும் அவனே என்றனர்!

அரபுமொழியில் 'ஹிஜா' என்னும் வசைக்கவி உண்டு. ஜரீரும் ஃபரஸ்தக்கும் ஒருவரையொருவர் வசைபாடியபோது அடிபட்டவர் எவர் என்பதில் கேட்போருக்கு ஐயமிருந்ததில்லை. இங்கோ, சுவையான வசனங்களெல்லாம் வசைக்குரியவன் வாயிலேயே வைக்கப்பட்டன. கரோல் ஓகானரின் நடிப்பில் இருந்த கனிவும் சேர்ந்து அவனை வெறுக்க இயலாதவனாக்கிற்று. கலையென்ற அளவில் இது பெருவெற்றி; நோக்கமென்ற அளவில் பாதி வெற்றியே என்பது நம் கருத்து.

1976-77 பருவத்தில் முதலிடம் ஏ.பி.சி. நிறுவனத்தின் 'ஹாப்பி டேஸ்' தொடருக்குச் சென்றது. 1950-களை இனிய கனவாகக் காட்டிய அதனைப்பற்றி மிகுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

எனினும் அப்பருவத்திலேயே, 1977 ஜனவரியில், அதே நிறுவனம் அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்' கதையை எட்டு இரவுகள் இடைவிடாது ஒளிபரப்பிற்று. காம்பியாவிலிருந்து கடத்தப்பட்ட முஸ்லிம் இளைஞன் குன்டா கின்டே, 'டோபி' என்னும் அடிமைப்பெயரை ஏற்க மறுத்துக் கசையடி படுகிறான். அங்கே அரங்கத்தாரின் சிரிப்பொலி இல்லை. மாற்றிப் பொருள்கொள்ள இடமும் இல்லை. இறுதி இரவில் அதனைக் கண்டோர் ஏறத்தாழப் பத்துக் கோடிப் பேர்.