செத்தை என்றால் குப்பை அல்ல

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு நண்பர் வீட்டில் நாலு நாள் தங்கியிருந்தேன். ஓர் இரவு சாப்பிடும்போது யாழ்ப்பாணத்து எங்கள் பழைய வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. மண்சுவர், வடக்கிலும் கிழக்கிலும் அதற்கு வெளியே செத்தை என்று சொன்னேன். நண்பரின் அண்ணன் சிரித்துவிட்டார். “குப்பை செத்தையையா தம்பி சுவத்துல கட்டுவீங்க?” அவர் மனதில் ஒன்றுமில்லை. எனக்குத்தான் அதன் பிறகு சோறு இறங்கவில்லை.

எங்கள் ஊரில் செத்தை என்றால் ஓலையை வரிச்சில் நெருக்கிக் கட்டிய மறைப்பு. அங்கே அது காய்ந்த சருகு. கொட்டிலும் அப்படித்தான்: எங்களுக்கு மனிதர் குடியிருக்கும் ஓலைவீடு, அவர்களுக்கு மாடு கட்டுமிடம். காற்றோடு சுவரில் அடிக்கும் மழையை நாங்கள் தூவானம் என்போம், அவர்கள் சாரல் என்கிறார்கள். அவர்கள் கீற்று என்பது எங்களுக்குக் கிடுகு. பழந்தமிழில் கிடுகு என்றால் கேடயம். வெயிலையும் மழையையும் வாங்கிக்கொண்டு சுவரைக் காப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எது? அந்த அண்ணனிடம் இதைச் சொல்ல அப்போது வாய் வரவில்லை.

இரண்டு கரையிலும் ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்றுதான், வடகிழக்கிலிருந்து வருவது. கட்டும் விதம்தான் வேறு. அங்கே நான் பார்த்த வீட்டில் மூங்கிலைத் தரையில் சட்டமாகக் கட்டி, அதில் கீற்றைப் பிணைத்து, தட்டியாகத் தூக்கிச் சுவரோரம் சாத்திக் கட்டினார்கள். காற்று நாளில் உயரத்தில் நிற்கத் தேவையில்லை. அது நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெருங்காற்றில் தட்டி முழுதாகப் பெயராதா என்ற ஐயம் எனக்கு. நான் போனது மாசி மாதம், அந்தக் காற்றைப் பார்க்கவில்லை.

எங்களுக்குக் காவிரிக்கரை மூங்கில் ஏது? பனஞ்சிலாகையை நிறுத்தி, குறுக்கே வரிச்சுப் பிடித்து, நின்ற இடத்திலேயே கட்டுவோம். கீழ்வரிசை முதலில், அதன்மேல் படிய அடுத்தது; அப்போதுதான் தண்ணீர் உள்ளே இறங்காமல் வழியும். அடி ஓலை மண்ணில் முட்டக்கூடாது, கறையான் ஏறும். சுவருக்கும் ஓலைக்கும் நடுவே கை நுழையும் இடம் விட வேண்டும். வெயில் ஓலையோடு நின்றுவிடும். இடையிலுள்ள காற்று சுவரைச் சுடவிடாது. சித்திரை மத்தியானத்தில் அந்தச் சுவரில் முதுகை வைத்தவருக்குத்தான் அந்தக் குளிர்மை தெரியும்.

சுவரில்லாத இடத்தில் செத்தையே சுவர். அங்கே குத்தூசி வரும். வெளியே ஒருவர் கயிறு கோத்துக் குத்த, உள்ளே ஒருவர் வாங்கித் திருப்பிக் குத்த வேண்டும். கண்ணைக் கிட்டக் கொண்டுபோகாதே என்று அம்மம்மா ஒவ்வொரு முறையும் சொல்வார். நாளும் நேரமும் பார்த்துத்தான் தொடங்குவார்கள். சோளகம் ஓய்ந்து மாரி தொடங்குமுன் முடிக்க வேண்டும். காலைப் பனி ஈரத்தில் ஓலை வளையும்; மத்தியானம் வெடிக்கும், தண்ணீர் தெளிக்க வேண்டும். மழை பெய்தால் ஏணி தொடக்கூடாது. பழைய செத்தையை முதலில் தடியால் தட்டித்தான் பிரிப்பார்கள், உள்ளே பூரானும் தேளும் இருக்கும்.

நெருப்பைப் பற்றி அந்த அண்ணன் சொன்னதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக் கீற்றுக்கூரை தீப்பற்றி 94 பிள்ளைகள் இறந்தார்கள். கீற்று என்றாலே நெஞ்சு பதறும் என்றார். எங்கள் குசினி தனியாக நின்றது, அடுப்புப் பக்கம் மண்சுவர்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்த பிறகு கீற்றுக்கே வழியில்லாமல் போனதையும் அவர்தான் சொன்னார். அந்தத் துயரத்தின் முன் யார் கட்டு உறுதி என்று கேட்க மனம் வரவில்லை.

ஆனாலும் செத்தையைக் குப்பை என்று விட்டுவிட என்னால் முடியாது. 1995 ஒக்டோபர் 30 அன்று போரால் இடம்பெயர்ந்து, வலிகாமத்திலிருந்து கொட்டும் மழையில் நடந்து தென்மராட்சிக்கு வந்தோம். ஒரு தென்னங்காணியில் நாலு தடி நட்டு, அப்பு கிடைத்த கிடுகை நனைந்தபடியே கட்டினார். நனைந்த ஓலையைக் கட்டக்கூடாது, காய்ந்தால் சுருங்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. வேறு வழியில்லை. உள்ளே நின்று குத்தூசி வாங்கியது அம்மம்மா. அன்றிரவு கூரை ஒழுகியது. செத்தைப் பக்கம் தூவானம் வரவில்லை; சின்னவர்களை அந்தப் பக்கம் கிடத்தினோம்.

தை பிறந்து வெயில் ஏறியதும் ஓலை சுருங்கி, விரல் நுழையும் இடைவெளிகள் விழுந்தன. அப்பு வரிசை வரிசையாக அவிழ்த்து மறுபடி கட்டினார். அம்மம்மாவுக்கு அப்போது கை நடுங்கத் தொடங்கியிருந்தது. உள்ளே நின்று குத்தூசி வாங்கியது நான்.