கிடைத்த மண், கேட்டு வாங்கிய மண்

மட்கலைஞர்கள் பற்றிய கண்காட்சிக் கையேடுகளில் இரண்டு சொற்கள் தவறாமல் வந்துவிடுகின்றன: தன்னிச்சை, கண்டெடுத்த பொருள். கைபோன போக்கில் மண் உருக்கொள்கிறது. வழியில் கிடந்த ஓடும் கம்பியும் படைப்புக்குள் வந்து சேர்கின்றன. சரி, அப்படியே வச்சுக்குவோம். கண்டெடுக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்ற கேள்வியை இந்தச் சொல்லாடல் ஏன் கேட்பதேயில்லை?

1917இல் மார்சல் துஷாம்ப் நியூயார்க் கண்காட்சிக்கு அனுப்பிய சிறுநீர்க் கலத்திலிருந்து தொடங்கலாம். ‘ஆர். மட்’ என்று கையெழுத்திட்ட அந்தப் பொருள் சூளையில் வெந்த பீங்கான் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? கலைஞன் என்ற மையத்தை அது உடைத்ததாகச் சொல்கிறோம். உடைத்திருக்கலாம். அதை வார்த்துச் சுட்ட தொழிலாளியின் பெயர் மட்டும் அந்தப் பிரதியில் எங்கும் இல்லை. கண்டெடுத்தவனுக்கே பெயர்.

புதுச்சேரியில் 1971இல் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியை இதோடு ஒரேயடியாகச் சேர்த்துவிட முடியாது. பச்சைச் செங்கல்லில் வீட்டைக் கட்டி, உள்ளேயும் சுட வேண்டியதை அடுக்கி, வீட்டையே சூளையாக்கிச் சுட்டுப் பார்த்தவர் மீக்கர். தீ எங்கே விரிசல் விடும் என்பது அவர் கையில் இல்லை. இங்கே தன்னிச்சை என்பது கலைஞனின் மனநிலை அல்ல, தீயோடு மல்லுக்கட்டுவது. எனக்குப் பிடித்த இடம் இது.

ஆனால் அதே மல்லுக்கட்டைச் சூளைக்குச் சூளை செய்கிற வேளாரை ‘மரபு’ என்ற பெட்டியில் போட்டு மூடிவிடுகிறோம். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் புரவியெடுப்புக்கு முன் பிடிமண் கொடுப்பார்கள். அந்த ஒரு பிடி மண் கைக்கு வராமல் குதிரை தொடங்காது. களியோடு மணலும் உமியும் எவ்வளவு சேர வேண்டும் என்பதை விரல்தான் சொல்லும். கால்மேல் வயிற்றை ஏற்றும்போது பாரம் சாய்ந்தால் அந்த இடத்திலேயே முடிவெடுக்க வேண்டும். இதற்குத் தன்னிச்சை என்று யாரும் பெயர் வைக்கவில்லை. குதிரை மழையிலும் வெயிலிலும் உடைந்து மண்ணோடு போகிறது. அடுத்த எடுப்புக்குப் புதுசு. பாதுகாக்கப்படாததால் அது கலையாகாதாம்!

புளியறையிலிருந்து பார்த்தால் விஷயம் இன்னும் வெட்டவெளிச்சம். பக்கத்துத் தேன்பொத்தையில் பானை வனைகிறவர்களுக்குக் குளத்து மண் கண்டெடுக்கிற பொருள் இல்லை, அனுமதி கேட்டு வாங்குகிற பொருள். சட்டத்தின் கண்ணில் அது சிறுகனிமம். தாசில்தார் மட்டத்திலேயே அனுமதி தரலாம் என்று விதி தளர்ந்தது 2024இல்தான். கலைஞன் குளத்தோரம் ஒரு கை மண் அள்ளினால் அது படைப்புக் கணம். காகிதம் இல்லாமல் ஒரு வண்டி அள்ளினவன்மேல் வழக்கு வரும்.

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சிறுபத்திரிகை அட்டையில் அய்யனார் குதிரையைப் போடும்போது உள்பக்கத்தில் பெரும்பாலும் புகைப்படக்காரர் பெயர்தான் அச்சாகிறது.