கருப்புத் தோல் நோட்டு: கின்சாவில் ஒரு வங்கிக் கணக்கு

இரவு விடுதிப் பெண்களைப் பற்றிய ஜப்பானியத் தொடர்களுக்கு ஒரு தேய்ந்த தடம் உண்டு. ஏழைப்பெண், அவமானம், சபதம், போட்டிக்காரி, கடைசியில் மகுடம். 2007ல் வந்த 'ஜோதெய்' தொடருக்குப் பெயரே 'பேரரசி'. இந்த வரிசையில் வைத்துத்தான் 'குரோகாவா நோ தெச்சோ'வையும் பலர் பேசுகிறார்கள். 'கருப்புத் தோல் நோட்டு' என்று சொல்லலாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. இந்தக் கதையின் நாயகி ஹராகுச்சி மொட்டோகோ கின்சாவுக்குள் வரும்போதே கையில் முதலோடுதான் வருகிறாள். அதுவும் திருடிய முதல்.

மூலம் மாட்சுமோட்டோ செய்ச்சோவின் நாவல். 1978லிருந்து 1980 வரை 'ஷூகான் ஷின்ச்சோ' வார இதழில் தொடராக வந்தது. 1982லேயே தொலைக்காட்சிக்கு வந்துவிட்டது. பிறகு பல முறை எடுத்தார்கள். அதிகம் பேசப்படுவது யோனெகுரா ரியோகோ நடித்த 2004 வடிவமும், டகேய் எமி நடித்த 2017 வடிவமும். இரண்டுமே டிவி அசாஹி, வியாழன் இரவு 9 மணி. இந்தக் குறிப்பு அந்த இரண்டையும் பற்றியது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. மொட்டோகோ ஒரு வங்கிக் கிளையில் வேலை செய்கிறாள். வருமானத்தை மறைக்கும் பணக்காரர்களுக்கு வங்கியே பொய்ப்பெயர்களில் கணக்கு வைத்துக் கொடுக்கிறது. நம்ம பாஷையில் பினாமி கணக்கு. அவற்றிலிருந்து அவள் பணத்தை எடுத்துக்கொள்கிறாள். நாவலில் சுமார் 7½ கோடி யென், 2004 தொடரில் 12 கோடி, 2017ல் 18 கோடி. (விலைவாசியோடு திருட்டும் ஏறத்தானே வேண்டும்.) எந்தப் பெயருக்குப் பின்னால் எந்த ஆள் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு வங்கியோடு பேரம் பேசுகிறாள். புகார் கொடுத்தால் பட்டியல் வெளியே போகும். மேலதிகாரிகள் பணத்தைத் திருப்பிக் கேட்கமாட்டோம் என்று எழுதியே கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பணத்தில் கின்சாவில் ஒரு கிளப் திறக்கிறாள். பெயர் 'கார்னே'. பிரெஞ்சில் நோட்டுப் புத்தகம் என்று பொருள். துணிச்சல்தான்.

கின்சா கிளப் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால்தான் இந்தத் தொடரின் அருமை புரியும். கடையின் தலைவியை 'மாமா' என்பார்கள், ஆங்கிலத்து அம்மா. தமிழ்க் காதுக்கு அது வேறு மாதிரிக் கேட்கும், என்ன செய்ய. முதலாளியாகவே இருக்கும் மாமா உண்டு, சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட மாமாவும் உண்டு. வாடிக்கையாளர் ஒரு பெண்ணின் பொறுப்பில் வந்துவிட்டால் அந்தக் கடையில் அவர் எப்போதும் அவள் கணக்குத்தான். அவர் அன்றைக்கே காசு கொடுப்பதில்லை. எழுதி வைத்துக்கொள்வார்கள், பில் பிறகு போகும். அவர் கொடுக்காமல் போனால்? அந்தப் பெண் தன் கையிலிருந்து கட்டவேண்டும். 'உரிகாக்கே' என்கிற இந்தக் கடன் முறைதான் கின்சாவின் முதுகெலும்பு. சிரிப்பு, கிமோனோ, ஐஸ் கட்டி எல்லாம் மேல்பூச்சு. உள்ளே ஓடுவது வரவேண்டிய பாக்கி, வராத பாக்கி, யாரை நம்பி எவ்வளவு விடலாம் என்கிற கணக்கு. வங்கியில் பேரேடு எழுதியவளுக்கு அது புதுத் தொழிலே இல்லை.

ஆட்களையும் செய்ச்சோ யோசித்துத்தான் பொறுக்கியிருக்கிறார். மொட்டோகோவிடம் முதலில் மாட்டும் பெரிய மீன் நராபயாஷி, மகப்பேறு மருத்துவர். அன்றைய ஜப்பானில் டாக்டர்களுக்கு ஒரு வரிச்சலுகை இருந்தது. காப்பீட்டு வருமானத்தில் 72 சதவீதத்தை எந்தக் கேள்வியும் இல்லாமல் செலவாகக் காட்டலாம். 1954லிருந்து இருந்த அதை 1979ல்தான் குறைத்தார்கள், அதாவது நாவல் வந்துகொண்டிருந்தபோதே. அதுபோக மகப்பேறு மருத்துவருக்குக் காப்பீட்டுக்கு வெளியே ரொக்கமாக வரும் காசு வேறு. அடுத்தவர் ஹாஷிடா, மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி மையம் நடத்துபவர். பின்வாசல் சேர்க்கைக்குத் தரகரும் அவரே. வாசகர்கள் அன்றாடம் பொருமிக்கொண்டிருந்த ஆட்கள். அதனால்தான் மொட்டோகோ அவர்களை மிரட்டும்போது நமக்குக் கோபம் வருவதில்லை. 'நல்லா வேணும்' என்றுதான் தோன்றுகிறது.

2004 வடிவத்தில் யோனெகுரா இதை அழகாகப் பிடித்திருக்கிறார். மிரட்டும் காட்சிகளில் குரலை உயர்த்துவதே இல்லை. கணக்கில் குறைகிறது என்று கவுண்டரில் சொல்லும் ஊழியரின் அதே மரியாதை. அந்த வங்கித்தனம்தான் பயமுறுத்துகிறது. 'கெமோனோமிச்சி' (2006), 'வாருய் யாட்சுரா' (2007) என்று அடுத்தடுத்து செய்ச்சோ கதைகளிலேயே அவர் கெட்ட பெண்ணாக நடித்ததற்கு இந்த வெற்றிதான் காரணம்.

ஆனால் தொடருக்கு நாவலின் வறட்சி தாங்கவில்லை. நாமிகோ என்கிற பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவளையும் மொட்டோகோவையும் எதிரெதிரே நிறுத்தி, வாரம் ஒரு வாய்ச்சண்டை வைக்கிறார்கள். பார்க்க ஜோர்தான், மறுக்கவில்லை. ஆனால் பணம் போகும் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நம் கண் இரண்டு பெண்கள் முறைத்துக்கொள்வதில் போய் நிற்கிறது. அரசியல் ஆசை உள்ள யாசுஜிமாவோடு வரும் காதலும் அப்படியே. யாரையும் நம்பாதவள் ஒருவனை நம்பினாள் என்பது முக்கியம்தான். தொடர் அதை வயலின் போட்டு இழுக்கிறது.

2017 வடிவம் வேறு ஒன்று செய்கிறது. அங்கே மொட்டோகோ நிரந்தர ஊழியர் இல்லை. ஏஜென்சி மூலம் வந்த தற்காலிக ஊழியர், தலையில் குடும்பக் கடன். இன்றைய ஜப்பானின் வேலைச் சந்தையைத் தெரிந்து எழுதியிருக்கிறார்கள். மாதச் சம்பளக்காரன் செய்யும் தப்புக்குக் காண்ட்ராக்ட் பெண்ணை வெளியே அனுப்புவது யாருக்கும் புரியும். ஆனாலும் இங்கேதான் எனக்கு உறுத்தல். நாவலின் மொட்டோகோவுக்குப் பெரிய நியாயம் எதுவும் கிடையாது. வயது முப்பதைத் தாண்டிவிட்டது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, இதே மேசையில் ஓய்வு வரை உட்காரவேண்டும். அவ்வளவுதான். பெரிய துயரம் இல்லாமலே ஒருத்தி பெரிய ஆசை படுகிறாள். ஆண் ஆசைப்பட்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பெண் ஆசைப்பட்டால் மட்டும் திரைக்கதைக்கு ஒரு கடன்பத்திரம் தேவைப்படுகிறது. டகேய்க்கு அப்போது 23 வயது. அவருடைய இளமையே மொட்டோகோவின் பழைய சலிப்பை அழித்துவிடுகிறது என்பது இன்னொரு இழப்பு.

இதோடு நருசே மிக்கியோவின் 1960 படம் 'பெண் படிக்கட்டில் ஏறும்போது' நினைவுக்கு வருகிறது. தகமினே ஹிதெகோ நடித்த கெய்கோவும் கின்சா மாமாதான். சொந்தக் கடை வைக்க அவள் வாடிக்கையாளர்களிடம் சந்தா நோட்டு எடுத்துப் போகிறாள். ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு விலை மறைந்திருக்கிறது. அவள் மனசு வைக்கும் ஆளும் வங்கிக்காரர். கடைசியில் அவர் கொடுத்த பங்குகளை ரயிலடியில் அவர் மனைவியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி படியேறுகிறாள். இருவர் கையிலும் நோட்டு உண்டு. கெய்கோ அதில் ஆண்கள் தரப்போவதை எழுதி வாங்கினாள். மொட்டோகோ அவர்கள் ஏற்கெனவே ஒளித்து வைத்ததை எழுதி வைத்தாள். இடையில் இருபது வருடம், ஜப்பான் பணக்கார நாடாகிவிட்டது, ஒளிக்க அவ்வளவு சேர்ந்துவிட்டது.

மொட்டோகோ விழுவதும் காகிதத்தால்தான். ஹாஷிடாவை மிரட்டி 'உமேமுரா' என்ற உணவு விடுதிச் சொத்தை எழுதி வாங்குகிறாள். அதை நம்பி 'ரூடான்' என்ற பெரிய கிளப்புக்கு முன்பணம் கட்டுகிறாள். சொத்து கைக்கு வருவதில்லை. முன்பணம் போகிறது, மேலே அபராதம். அவள் மிரட்டிய ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு பின்னிய வலை. அவள் கருப்பு நோட்டு ஆட்களைத் தனித்தனியாகத்தான் பிடிக்கும். ஒருவரை ஒருவர் காப்பாற்ற அவர்கள் சேர்ந்துவிட்டால் அந்த நோட்டுக்கு மதிப்பில்லை. கின்சாவின் சோபாக்களில் அவர்கள் இரவு இரவாக உட்கார்ந்து செய்வதும் அந்தச் சேர்க்கையைத்தானே.

நாவலின் முடிவை நான் இன்னும் ஜீரணிக்கவில்லை. மயங்கி விழுந்தவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள். அறுவை மேசையில் கண் விழித்தால் எதிரே நிற்பது நராபயாஷி, பக்கத்தில் அவள் ஏமாற்றிய நர்ஸ் இச்சிகோ. அங்கேயே புத்தகம் மூடிவிடுகிறது. பெண்ணின் ஆசைக்கு அவள் உடம்பைத்தான் பிணையாகக் கேட்பார்கள் என்பதைச் செய்ச்சோ அறிந்து எழுதினாரா, தண்டித்துத் திருப்திப்பட்டாரா? இரண்டுக்கும் நாவலில் இடம் இருக்கிறது, நான் முதலாவது பக்கம். 2004 தொடர் வாரம் தவறாமல் தன் நாயகியை நேசித்த தொடர். அந்த மேசைவரை அவளைக் கொண்டுபோக அதற்கு மனம் வரவில்லை. யோனெகுராவை அப்படிப் பார்க்க எனக்கும் மனம் வந்திருக்காது. ஆனாலும் தொடரை முடித்த கையோடு நாவலின் கடைசி அத்தியாயத்தையும் படித்துவிடுங்கள்.