ஹார்மோனுக்கு ஏது பால்?

கோபப்படும் பெண்ணைப் பார்த்து "எல்லாம் ஹார்மோன் படுத்தும் பாடு" என்று சொல்லிவிட்டால் போதும், அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் என் மாணவிகள் வீட்டில் கேட்டு வளர்ந்த வாக்கியம் இது. அறிவியலின் வேடம் போட்டு வரும் இதை அறிவியலைக் கொண்டே சோதிக்கலாம்.

ஈஸ்ட்ரோஜனைப் 'பெண் ஹார்மோன்' என்கிறோம். 1934இல் பெர்ன்ஹார்ட் சோன்டெக் ஆண்குதிரையின் சிறுநீரில் அதை ஏராளமாகக் கண்டார். எலியின் கதை இன்னும் வேடிக்கை. பிறப்பை ஒட்டிய நாட்களில் ஆண் குஞ்சின் விரையிலிருந்து வரும் டெஸ்டோஸ்டிரோனை, மூளையிலுள்ள அரோமடேஸ் என்னும் நொதி ஈஸ்ட்ரடையாலாக மாற்றுகிறது. எலி மூளையை ஆண்வழியில் வடிவமைப்பதில் பெரும்பங்கு இந்தப் 'பெண்' ஹார்மோனுக்குத்தான். பெண் கருவின் மூளையை அதனிடமிருந்து ஆல்ஃபா-ஃபீட்டோ புரதம் காக்கிறது என்று 2006இல் ஜூலி பாக்கர் குழுவினர் சுண்டெலிகளில் காட்டினர். மனிதரிடம் அந்தப் புரதம் ஈஸ்ட்ரோஜனை அவ்வாறு பற்றிக்கொள்வதில்லை. எலிக்குச் சொன்னதை அப்படியே நமக்குச் சொல்ல முடியாது.

வளர்ந்த எலியில் நிலைமை வேறு. நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸில் ஈஸ்ட்ரடையால் இருபாலிலும் நரம்பிணைப்புகளை வலுப்படுத்துகிறது. விளைவு ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே நடக்கும் மூலக்கூற்று வழி ஆணில் ஒன்று, பெண்ணில் வேறு என்பதை கேத்தரின் வூலியின் ஆய்வகம் கண்டறிந்தது. அப்படியானால் ஆண் எலியில் மட்டும் சோதித்த மருந்து பெண்ணிடம் அதே வேலையைச் செய்யும் என்று எப்படி நம்புவது?

அப்படித்தான் நம்பினார்கள். நரம்பியலில் ஒரே பாலை வைத்துச் செய்த ஆய்வுகளில், பெண் விலங்கு ஆய்வு ஒன்றுக்கு ஆண் விலங்கு ஆய்வு 5.5 இருந்ததை 2011இல் அன்னலீஸ் பீரியும் இர்விங் சூக்கரும் கணக்கிட்டனர். பெண் எலியின் சுழற்சி முடிவுகளைக் குழப்பும் என்பது வழக்கமான சாக்கு. 2014இல் 293 கட்டுரைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, பெண் சுண்டெலிகளின் தரவுகள் ஆண்களுடையதைவிட அதிகம் மாறவில்லை என்று தெரிந்தது.

நம் இலக்கணத்தில் அஃறிணைக்கு ஆண்பால், பெண்பால் கிடையாது. எதுவானாலும் 'எலி ஓடியது'தான். ஆய்வகத்திலோ 'எலி' என்றாலே நெடுங்காலம் ஆண்தான்.

வேறுபாட்டை ஆராயுங்கள், எங்கள் உடலுக்கான மருந்துக்கு அது தேவை. அதை வைத்து எங்கள் அறிவுக்கு வேலி கட்டாதீர்கள். இவை இரண்டும் ஒரே கோரிக்கை. இனி யாராவது "ஆய்வே சொல்கிறது" என்று தொடங்கினால் கேளுங்கள்: எந்த விலங்கில்? எந்த வயதில்? இருபாலிலுமா?