உலக இலக்கியம் என்னும் சொல்லின் மரபு

ஜேர்மன் மொழியிலே 'வெல்ட்லித்தெராத்தூர்' என்பது ஒரு தொகைச்சொல். உலக இலக்கியம் என்பது அதன் பொருள். இச்சொல்லைப் படைத்தவர் மகாகவி கெதே என்பது பலரும் எடுத்தாளும் கூற்று. அக்கூற்று ஆராய்தற்குரியது.

முதற்கண் சொல்லுறுப்புக்களை நோக்குவாம். 'வெல்ட்' என்பது ஜேர்மானிய மொழிக்குடும்பத்துக்கே உரிய பழஞ்சொல். மனிதன், காலம் எனப் பொருள்படும் இரு சொற்கள் கூடியமைந்த அதுவும் ஒரு தொகையே. மற்றையது, எழுத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது.

இவ்விரண்டையும் இணைத்து 1773இல் எழுதினார் வரலாற்றாசிரியர் சுலோட்சர். ஐஸ்லாந்தின் இடைக்கால இலக்கியத்தின் சிறப்பை நிறுவுமிடத்து அவர் இச்சொல்லை ஆண்டார். 1813இல் மறைந்த கவிஞர் வீலண்டும், ஒராசு என்னும் உரோமப் புலவரின் நிருபங்களை மொழிபெயர்த்த தம் கையெழுத்துக் குறிப்பில் இதனை வழங்கினார். கெதே இதனைக் கையாண்டதோ 1827இலேதான். ஆகவே சொல்லின் தந்தை அவரல்லர்.

எனினும் ஆராய்ச்சி இவ்வளவில் முடிவதன்று. தொகையில் உருபு மறைந்து நிற்கும்; விரிப்போர் கருத்துக்கேற்பப் பொருளும் வேறுபடும். சுலோட்சர் கருதியது உலகத்தினது இலக்கியத் தொகுதி. வீலண்டு கருதியது உலகியல் அறிந்த நாகரிக மாந்தரின் நூற்புலமை. கெதே கருதியதோ இலக்கியங்கள் தம்முள் நிகழ்த்தும் கொள்வினை கொடுப்பினை. காளிதாசரின் சாகுந்தலம் 1789இல் யோன்சால் ஆங்கிலமாகி, அதனின்று 1791இல் போர்ஸ்டரால் ஜேர்மனாகிக் கெதேயை ஆட்கொண்டமை இதற்குச் சான்று. எனவே சொல் பழையது, விரிவு புதியது.

ஆயினும் கெதேயிடத்தும் ஒரு குறை உண்டு. 1827 சனவரி 31ஆம் நாள், தாம் படித்த சீன நாவலொன்றைப் பாராட்டி, உலக இலக்கியத்தின் காலம் அணுகிற்று என எக்கர்மனிடம் கூறிய அவரே, முன்மாதிரி வேண்டின் கிரேக்கரிடமே மீளவேண்டும் என்றும் அவ்வுரையாடலிலேயே கூறினார். அனைவரும் அமரும் அவையிலே ஒருவருக்கு மட்டும் அரியணை இட்டமை பொருந்துமா?

இன்று நாம் உலக இலக்கியம் என்னும்போது பெரும்பாலும் சிறந்த நூல்களின் பட்டியலையே கருதுகின்றோம். இது கெதேயின் பெயரால் சுலோட்சரின் பொருளை வழங்குவதாகும். பட்டியலில் இடம்பெறுதல் பெருமையே. ஆயின் பிறர்பாற் கற்றும் பிறர்க்குக் கற்பித்தும் வாழ்வதே ஓர் இலக்கியத்துக்கு உயிர். சொல்லின் மரபை அறிவதன் பயன் இவ்வேறுபாட்டைத் தெளிதலேயாம்.