கேள்விக்கு இரண்டு பொருள்

கிருஷ்ணன்கோவிலில் உள்ள கலசலிங்கம் பல்கலைக்கழகம் செவித்திறன் குறைந்த மாணவர்களையும் பொறியியல் படிப்பில் சேர்த்துக்கொள்கிறது. அதனால் எங்கள் பேருந்து நிறுத்தத்தில் கைகளால் பேசிச் சிரிக்கும் இளைஞர்களைப் பார்ப்பது புதிதல்ல. ஒருநாள் மாலை அவர்களையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னிடம் கேட்டார்: "டீச்சர், எம்பிள்ளை படிச்சா இங்க சேத்துக்கிடுவாங்களா?" சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் அவருக்கு வேலை. மகளுக்கு ஏழு வயது. பிறவியிலிருந்தே காது கேட்காது. சேர்த்திருந்த பள்ளியில், இவளுக்குப் பாடம் ஏறவில்லை, விடுதியுள்ள சிறப்புப் பள்ளியில் கொண்டுபோய் விடுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம்.

"நீங்க என்னக்கா கேட்டீங்க?"

"நான் என்னத்தக் கேக்க? அவங்க சொன்னாங்க, கேட்டுக்கிட்டு வந்துட்டேன்."

தமிழில் காதால் கேட்பதும் வாயால் கேட்பதும் ஒரே வினைச்சொல். கேள்வி என்றால் செவியறிவு. கேள்வி என்றால் வினா. அந்த அம்மாவுக்கு முதல் பொருள் மட்டுமே வாய்த்திருக்கிறது. காது கேளாத பிள்ளைகளின் தாய்மாருக்கு நாம் கற்றுக்கொடுப்பதெல்லாம் பிள்ளையை எப்படிக் கேட்கவைப்பது என்பதைத்தான். பிள்ளைக்காக எப்படிக் கேட்பது என்பதைக் கற்றுத்தருவதில்லை.

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாதோர் பள்ளிகளில் சைகைமொழி கூடாது, வாய்ப்பேச்சே வேண்டும் என்று தீர்மானித்தது. வாக்களித்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் காது கேட்பவர்கள். அந்தத் தீர்மானத்துக்காக அதே மாநாட்டு அமைப்பு வருத்தம் தெரிவித்தது 2010இல். இடைப்பட்ட 130 ஆண்டுகளில் பிள்ளையைப் பேசவைக்கும் பொறுப்பு மெல்ல மெல்ல வீட்டுக்குள் வந்து தாயின் மடியில் விழுந்தது. 1942இல் லாஸ் ஏஞ்சல்ஸில் லூயிஸ் டிரேசி, காது கேளாத தன் மகனை வளர்த்த அனுபவத்திலிருந்து ஒரு மையம் தொடங்கினார். அங்கிருந்து பெற்றோருக்கான பாடங்கள் அஞ்சல்வழி உலகெங்கும் போயின. சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயாவில் தாய்மார் குழந்தையோடு வகுப்பில் உட்கார்ந்து கற்கிறார்கள். அங்கே பேசக் கற்ற பிள்ளைகள் பொதுப்பள்ளிகளுக்குப் போய்ப் படித்திருக்கிறார்கள்.

இந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒரு பெண்ணியவாசகி கேட்க வேண்டிய கேள்வி உண்டு. வகுப்பில் போய் உட்கார எந்தத் தாயால் முடியும்? தறிக்குப் போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை என்பவரால் முடியுமா? முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. மாதக்கணக்கில் பயிற்சிக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். வீட்டில் நாளெல்லாம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த உழைப்புக்கு ஊதியமும் இல்லை, பெயரும் இல்லை. தாயன்பு என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்றால் மட்டும் அது தாயின் அசிரத்தை.

ராதாமோகனின் 'மொழி' (2007) படத்தை என் மாணவிகளோடு மறுபடி பார்த்தேன். காது கேளாத, பேச இயலாத அர்ச்சனாவை இரக்கத்துக்குரியவளாகக் காட்டாத படம் அது. அவளுக்குக் கோபம் வரும், அவளுக்கென்று ஒரு முடிவு உண்டு. அவளுடைய தோழி ஷீலா கணவனை இழந்தவள். ஒரு பெண்ணின் கைமொழியை இன்னொரு பெண் படித்துச் சொல்வது தமிழ் சினிமாவில் அரிய காட்சி. ஆனாலும் படத்தின் அடியில் ஓடும் காயம் வேறு: பிள்ளைக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் விட்டுப்போன அப்பா. தனக்கும் அப்படியொரு குழந்தை பிறந்துவிடுமோ என்ற அச்சம்தான் அவளைக் காதலிலிருந்து தள்ளிநிறுத்துகிறது. விட்டுப்போனவனால் மகளுக்கு வந்த வலியைப் படம் சொல்கிறது. விடாமல் பிடித்துக்கொண்டிருந்த தாய் எந்தப் பள்ளியின் வாசலில் நின்றாள், யாரிடம் என்ன கேட்டாள் என்பது கதையாகவில்லை. படத்தின் தீர்வு ஒரு நல்ல ஆணின் காதல். நல்ல ஆண் கிடைக்காத வீடுகளுக்கு என்ன தீர்வு?

சட்டம் என்பது என் பதில். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 16ஆம் பிரிவு, காது கேளாத பிள்ளைக்கு மிகப் பொருத்தமான மொழியிலும் வழியிலும் கல்வி தரப்பட வேண்டும் என்கிறது. 17ஆம் பிரிவு சைகைமொழி தெரிந்த ஆசிரியர்களைப் பற்றியும், தேர்வில் கூடுதல் நேரம், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவை பற்றியும் பேசுகிறது. 31ஆம் பிரிவு, குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாத பிள்ளைக்கு 18 வயதுவரை இலவசக் கல்வியை உறுதிசெய்கிறது. அது அருகிலுள்ள பள்ளியிலா, சிறப்புப் பள்ளியிலா என்பது அந்தக் குடும்பத்தின் விருப்பம், பள்ளியின் விருப்பமல்ல. சத்திரப்பட்டி அம்மாவிடம் யாரும் சொல்லாத செய்தி இதுதான்.

கல்வி உரிமைச் சட்டம் 2009 இன்னும் ஒருபடி போகிறது. அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பங்கு பெண்கள் இருக்க வேண்டும். 2012 திருத்தத்துக்குப் பிறகு மாற்றுத்திறன் பிள்ளைகளின் பெற்றோருக்கும் அதில் உரிய இடமுண்டு. தாயை வகுப்புக்கு வெளியே காத்திருப்பவளாக அல்லாமல், கூட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்பவளாகச் சட்டம் நினைத்துப் பார்த்திருக்கிறது. நாம்தான் நினைத்துப் பார்க்கவில்லை.

சட்டம் தெரிந்தால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஏமி ரௌலி என்ற சிறுமிக்கு வகுப்பில் சைகைமொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அவளுடைய பெற்றோர் உச்சநீதிமன்றம்வரை போனார்கள். அவர்களும் காது கேளாதவர்கள். 1982இல் தோற்றார்கள். அந்தச் சிறுமி பின்னாளில் சைகைமொழிப் பேராசிரியரானார். தோற்ற வழக்கானாலும், அந்த வீட்டில் ஒரு மொழி இருந்தது. அப்பாவும் அம்மாவும் மகளும் அதில் பேசிக்கொண்டார்கள். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறவர்கள். மகள் ஏழு வயதுவரை தாயோடு முழுதாக ஒரு சண்டைகூடப் போட முடியாமல் வளர்கிறாள். பெற்றோருக்கு உரிமையைச் சொல்லித்தரும் கூட்டங்களில் மேடையில் இருப்பவர்கள் மருத்துவர், சிறப்பாசிரியர், அதிகாரி. காது கேளாமல் வளர்ந்து படித்த ஒரு பெண்ணை அங்கே உட்காரவைத்தால் என்ன? பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் அந்த இளைஞர்களைவிட அந்தத் தாய்க்கு நல்ல ஆசிரியர் யார்? அப்பாக்களையும் அந்தக் கூட்டத்துக்கு வரச்சொல்ல வேண்டும். இல்லையென்றால் உரிமைப் பயிற்சியும் அம்மாவின் தலையில் ஏறும் இன்னொரு குடமாகிவிடும்.

திருக்குறளில் 'கேள்வி' என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. கேள்வியறிவு துளைக்காத செவி, ஓசை கேட்டாலும் கேளாச் செவிதான் என்கிறார் வள்ளுவர். காது கேளாமையை அறியாமைக்கு உவமையாக்கியது எனக்கு இடறுகிறது. 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று இன்றும் கூசாமல் பேசும் மொழிதானே நம்முடையது. ஆனால் அந்த அதிகாரம் இருப்பது பொருட்பாலின் அரசியலில். அங்கே செவி திறக்கச் சொல்லப்படுபவன் ஆள்பவன். அப்படிப் படித்தால் கேளாச் செவி அந்தச் சிறுமியுடையதல்ல.

அன்றைக்குப் பேருந்து வருவதற்குள் என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தலைமையாசிரியருக்கு ஒரு மனு எழுதினோம். விடுதிக்கு அனுப்ப விருப்பமில்லை, இதே பள்ளியில் படிக்க என்ன ஏற்பாடு செய்வீர்கள் என்பதை எழுத்தில் தாருங்கள், இவ்வளவுதான். அவர் கையெழுத்துப் போட்டார். மடித்து இடுப்பில் செருகப்போனவர் நிறுத்திக் கேட்டார்: "டீச்சர், வாங்கிக்கிட்டதுக்கு அவங்ககிட்ட நான் கையெழுத்துக் கேக்கலாம்ல?"